மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கிறது, நடு ஜில்லென்று இருக்கிறது: பவர், நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பைப் புதன்கிழமை வரை ஓட்டும் வீடு எங்களுடையது. அதனால் அடுப்பைவிட மைக்ரோவேவோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். பல வீடுகளில் அந்தப் பெட்டியில் புழங்குவது ஒரே ஒரு பட்டன், 'ஸ்டார்ட்'. ஒரு தடவை அழுத்தினால் 30 விநாடி, இன்னொரு தடவை அழுத்தினால் 1 நிமிடம். பக்கத்திலேயே 'பவர்' என்று ஒரு பட்டன் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதன்மேல் யார் விரலும் பட்டிருக்காது. கேஸ் அடுப்பில் எல்லாவற்றையும் முழுத் தீயிலேயே வைத்துச் சமைப்பேன் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மைக்ரோவேவில் தினமும் அதைத்தான் செய்கிறோம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

ஓரமெல்லாம் கொதிக்கிறது, நடுவில் விரல் வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது. ஓவன் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. அதன் பிறவிக் குணமே அதுதான். காரணம் இரண்டு.

ஒன்று, ஆழம். 'மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வெளியே சூடாக்கும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. அலைகள் வெளியிலிருந்துதான் உள்ளே நுழைகின்றன. சோறு, குழம்பு மாதிரி ஈரமான உணவில் ஓரிரு சென்டிமீட்டர் போவதற்குள் அவற்றின் பெரும்பகுதி ஆற்றல் தீர்ந்துவிடும். அதற்கும் உள்ளே இருப்பது, வெளிப்புறச் சூடு மெல்ல நகர்ந்து வந்து சேர்ந்தால்தான் சூடாகும். கிண்ணம் நிறைய அமுக்கி வைத்த சோற்றில் சூடு நடுவுக்குப் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் நீங்கள் முழு பவரில் 2 நிமிடம் ஓட்டி முடித்திருப்பீர்கள். ஓரத்துப் பருக்கைகள் விறைத்துப் போயிருக்கும், நடுவில் ஃப்ரிட்ஜின் குளிர் அப்படியே இருக்கும்.

இரண்டு, அலைகள் பரவும் விதம். வீட்டு ஓவன்கள் ஏறக்குறைய 2,450 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. உலோகச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். வலுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே தோராயமாக 6 செ.மீ. இடைவெளி. ஒரு இட்லி ஆவி பறக்க, பக்கத்து இட்லி சும்மா உட்கார்ந்திருக்க அந்த இடைவெளி போதும்.

இதைச் சமாளிக்கத்தான் தட்டு சுற்றுகிறது. ஆனால் தட்டின் நடுப்புள்ளி எவ்வளவு சுற்றினாலும் அதே இடத்தில்தான் இருக்கும், இல்லையா? அந்த இடத்தில் அலை அடங்கியிருந்தால் அங்கே இருக்கும் உணவுக்குக் கடைசிவரை யோகமில்லை. அதனால் சின்னக் கிண்ணத்தைத் தட்டின் மையத்தில் வைக்காதீர்கள், ஓரமாகத் தள்ளி வையுங்கள். அப்போது வலுத்த இடம், அடங்கிய இடம் இரண்டையும் அது மாறி மாறிக் கடந்து வரும். காசு செலவில்லாத வைத்தியம் இது.

எந்த இடத்தில் சூடு அதிகம் என்று கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதுவும் நம் வீட்டுப் பொருளை வைத்தே. அப்பளம்!

சுழல் தட்டையும் அதன் அடியில் இருக்கும் சக்கர வளையத்தையும் வெளியே எடுங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சின்மேல் இடிக்காத மாதிரி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பீங்கான் தட்டு வைத்து, தட்டு நிறையப் பச்சை அப்பளங்களைப் பரப்புங்கள். முழு பவரில் ஓட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு அப்பளத்தின் ஒரு மூலை மட்டும் வெள்ளையாகப் பொரிந்து எழும்பும், பிறகு இன்னொன்றின் நடு. எல்லாம் பொரிவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். வெள்ளைத் திட்டுகள் இருக்கும் இடமெல்லாம் உங்கள் ஓவனின் சூட்டு மையங்கள். எங்கள் ஓவனில் இடது பின்மூலைதான் ராஜா; முன்பக்க வலது மூலையில் வைத்த அப்பளம் மஞ்சளாகவே கிடந்தது.

சோதனை முடிந்ததும் தட்டைத் திரும்பப் போட்டு, மீதி அப்பளத்தைப் பொரித்துச் சாப்பிட்டுவிடலாம். எண்ணெய் இல்லாத அப்பளத்துக்கு மைக்ரோவேவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சில ஓவன்களில் தட்டே சுற்றுவதில்லையே?

அவற்றில் அலையைக் கலைத்துவிடும் உலோக விசிறியோ சுழலும் ஆன்டெனாவோ மேலேயோ தரைக்கு அடியிலோ மறைந்திருக்கும். உணவு சுற்றுவதற்குப் பதில் அலை சுற்றுகிறது. ஓட்டல் சமையலறைகளில் இந்த வகைதான் அதிகம். கிளறிவிடும் வேலை மட்டும் இதிலும் மிச்சமாவதில்லை.

பவரை 50 சதவீதம் வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

அலை பாதி வலுவில் வரும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சாதாரண ஓவன்களில் அப்படி இல்லை. அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் ஓடினால் முழுதாக ஓடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். 50 சதவீதம் என்றால் பாதி நேரம் ஓட்டம், பாதி நேரம் ஓய்வு.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்து, 50 சதவீதத்தில் 2 நிமிடம் போட்டுக் காதைக் கொடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், உடனே அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். பத்துப் பதினைந்து விநாடி கழித்து இன்னொரு 'டக்'. உறுமல் நின்று விசிறிக் காற்று மட்டும் கேட்கும். பிறகு மறுபடி உறுமல். விளக்கும் எரிகிறது, தட்டும் சுற்றுகிறது, அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நான் இங்கே சொல்ல வருவதே அந்த ஓய்வு விநாடிகளைப் பற்றித்தான். உறுமும்போது உணவின் வெளிப்பகுதி சூடேறுகிறது. ஓயும்போது அந்தச் சூடு உள்ளே நகர்கிறது. அடுப்பை சிம்மில் வைத்து மூடி போட்டுப் பொறுமையாக விடுகிறோமே, அதே வேலை. முழு பவரில் உள்ளே நகர அவகாசமே கிடைப்பதில்லை. நேரத்தைக் கூட்டினால் ஓரம்தான் இன்னும் காயும், நடுவுக்குப் பெரிய லாபமில்லை. பவரைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். 100 சதவீதத்தில் 2 நிமிடம் வைப்பதை 50 சதவீதத்தில் 4 நிமிடம் வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் மொத்த ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிண்ணத்தைத் திறந்தால் வேறு சோறு.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஓட்டமும் ஓய்வும் சேர்ந்த ஒரு சுற்று பல ஓவன்களில் 20, 30 விநாடி எடுக்கும். அதனால் '30 சதவீதத்தில் 15 விநாடி' என்று வைப்பதில் அர்த்தமில்லை. அந்த 15 விநாடியில் பெரும்பகுதி ஓட்டமாக இருக்கலாம், ஓய்வாகவும் இருக்கலாம். குறைந்த பவரின் பலன் கிடைக்க 1 நிமிடத்துக்கு மேலாவது ஓட வேண்டும்.

இன்வெர்ட்டர் ஓவன் என்று விற்கிறார்களே, அது வேறா?

ஆமாம். வீட்டில் கரன்ட் போனால் ஃபேன் ஓட்டும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வகை ஓவனில் மின்சுற்று மேக்னட்ரானையே குறைந்த வலுவில் இடைவிடாமல் ஓட்டும். வெண்ணெய் உருக்குவது, மீன் குழம்பு சூடாக்குவது மாதிரி வேலைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இதற்காகவே பழைய ஓவனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

எங்கள் ஓவனில் சதவீதமே இல்லை. திருகுகிற டயல்தான்.

'ஹை' என்றால் 100. 'மீடியம் ஹை' ஏறக்குறைய 70, 80. 'மீடியம்' 50, 60. 'டிஃப்ராஸ்ட்' அல்லது 'மீடியம் லோ' 30, 40. 'லோ' 20க்குள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

திருகுகிற டைமர் ஆரம்பப் பகுதியில் துல்லியமாக இருக்காது. 1 நிமிடம் வேண்டுமென்றால் முள்ளை 3, 4 வரை கொண்டுபோய், பிறகு 1க்குத் திருப்பி வையுங்கள்.

பட்டன் ஓவன்களில் பெரும்பாலும் முதலில் பவர், பிறகு நேரம், கடைசியில் ஸ்டார்ட். பவரைத் தொடாமல் விட்டால் அது தானாக 100க்குப் போய்விடும்.

சரி, எதற்கு எந்த பவர்?

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இதைக் கரண்டி போட்டுக் கிளற முடியுமா? முடியும் என்றால் 100 வைக்கலாம், ஏனென்றால் சூட்டைச் சீராக்கும் வேலையைக் கரண்டி பார்த்துக்கொள்ளும். கிளறினால் உடையும், குழையும் என்றால் 50 முதல் 70. திரிந்துபோகும், பொங்கி வழியும், வெடிக்கும் என்றால் 30 முதல் 50.

சாம்பார், ரசம், பருப்பு எல்லாம் முதல் கட்சி. ஒரு கணக்கு சொல்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 300 கிராம் சாம்பார் 5 டிகிரியில் இருக்கிறது, 80 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாம்பாரைத் தண்ணீராகவே வைத்துக்கொண்டால் தேவைப்படும் ஆற்றல் சுமார் 94,500 ஜூல். 800 வாட் ஓவன் விநாடிக்கு 800 ஜூல் தருகிறது. வகுத்தால் 118 விநாடி, கிட்டத்தட்ட 2 நிமிடம். கிண்ணமும் ஆவியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டரை நிமிடம் வையுங்கள். நடுவில் ஒரு தடவை நிறுத்தி அடிவரை கிளறுங்கள். நான் கிளறாமல் வைத்த ஒரு நாள் சாம்பார் மேலே கொதித்து மூடியைத் தள்ளியது. அடியில் துவரம்பருப்பு கட்டியாக, குளிராக உட்கார்ந்திருந்தது.

சோற்றுக்கு 70. வைப்பதற்கு முன் கட்டிகளை உதிர்த்துவிட்டு, ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். நடுவில் உளுந்துவடை மாதிரி ஒரு குழி பண்ணுங்கள். எப்போதும் சூடேறாத அந்த நடுப்பகுதியையே இல்லாமல் செய்துவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. மூடி போட்டு 2 நிமிடம், ஒரு கிளறல், தேவைப்பட்டால் இன்னும் அரை நிமிடம்.

பிரியாணியில் சோறும் கறித்துண்டும் ஒரே வேகத்தில் சூடாகாது. பெரிய துண்டுகளை வெளியே எடுத்து ஓரத்தில் வட்டமாக வைத்து, சோற்றை நடுவில் மெல்லியதாகப் பரப்பி, 60 சதவீதத்தில் 4 நிமிடம். பாதியில் துண்டுகளைப் புரட்டிவிடுங்கள். அப்படியே குவித்து முழு பவரில் வைத்தால் சோறு காய்ந்து, எலும்பை ஒட்டிய கறி குளிர்ந்தே இருக்கும்.

மீன் குழம்புக்கு 50. இதில் கரண்டி போடக் கூடாது. கிண்ணத்தைப் பிடித்துச் சுழற்றி ஆட்டினால் போதும். மோர்க்குழம்புக்கு 30, 40க்கு மேல் போகாதீர்கள், திரிந்துவிடும்.

இட்லி ஏன் கல்லாகிறது?

ஈரம் போய்விடுவதால். மாவுப் பண்டம் அளவுக்கு மீறிச் சூடாகி ஈரத்தை இழந்தால், ஆறிய மறுநிமிடம் ரப்பராக இறுகிவிடும். நாலு இட்லியைத் தட்டில் வட்டமாக வையுங்கள், நடுவில் ஒன்றும் வேண்டாம். கையில் தண்ணீரைத் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தடவி, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் மூடி, 60 சதவீதத்தில் ஒன்றரை நிமிடம். துணியை எடுக்காமல் 1 நிமிடம் விடுங்கள். இட்லித் தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலை 7 மணிக்கு வண்டி பிடிக்கிறவருக்கு இது போதும்.

சப்பாத்தி விதிவிலக்கு. மெல்லியதாக இருப்பதால் அலை முழுதாக ஊடுருவிவிடும். ஈரத்துணியில் சுற்றி முழு பவரில் 15, 20 விநாடி. அரை நிமிடம் தாண்டினால் செருப்புத் தோல்தான்.

கொழுக்கட்டை வெளியே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, கடித்தால் நாக்கு வெந்துவிட்டது!

போளி, சோமாசி, ஜாம் வைத்த பன் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. வெல்லமும் தேங்காயும் சேர்ந்த பூரணம் தண்ணீர் மாதிரி அல்ல; அதே ஆற்றலுக்கு அதைவிட அதிகமாகச் சூடேறும், 100 டிகிரியைத் தாண்டவும் செய்யும். வெளித்தோலோ ஆவியாகவும் காற்றிலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 50 சதவீதம், குறைந்த நேரம், 2 நிமிடம் ஆறவிட்டு, குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் பிட்டுப் பாருங்கள்.

பாக்கெட்டில் '900 வாட், 3 நிமிடம்' என்று போட்டிருக்கிறது. என் ஓவன் எத்தனை வாட்?

பின்பக்கத்து ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது, 1,200 மாதிரி, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். சின்னது, 700 அல்லது 800, உணவுக்குப் போய்ச் சேருவது. நமக்கு வேண்டியது சின்னது.

அந்த எண்ணை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வெப்பமானி வைத்து அளந்துகொள்ளுங்கள். முழு பவரில் சரியாக 60 விநாடி. எடுத்து நன்றாகக் கலக்கி மறுபடி அளவுங்கள். ஏறிய டிகிரியை 70ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும். 27 டிகிரி தண்ணீர் 38 ஆனால் வித்தியாசம் 11, அதாவது 770 வாட். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4,190 ஜூல் தேவை, அதை 60 விநாடியால் வகுத்தால் வருவதுதான் அந்த 70. சாயங்காலம் வோல்டேஜ் குறையும் தெருவாக இருந்தால் அந்த நேரத்திலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். ராத்திரியில் மட்டும் ஏன் பால் சூடாகவே மாட்டேன் என்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கலாம்.

இனி பாக்கெட் கணக்கு. அவர்கள் சொன்ன நேரத்தை அவர்கள் வாட்டால் பெருக்கி உங்கள் வாட்டால் வகுங்கள். 3 நிமிடம் பெருக்கல் 900, வகுத்தல் 700. ஏறக்குறைய 3 நிமிடம் 50 விநாடி.

ஒரு கிண்ணத்துக்கு 2 நிமிடம் என்றால் இரண்டு கிண்ணத்துக்கு 4 நிமிடமா?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் முழுதாக இரண்டு மடங்கு வேண்டாம். ஓவன் தருவது ஒரே அளவு ஆற்றல். அதைத்தான் இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதே சமயம், கொஞ்சமாக வைக்கும்போது வீணாகும் பகுதி அதிகம். அதனால் ஒன்றரை மடங்கில் ஆரம்பித்து, பார்த்து, கூட்டுங்கள். மூன்று நிமிடத்தில் திறந்து பாருங்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பாதி அளவு வைக்கும்போதுதான் கவனம் தேவை. ரெண்டு வாய்ச் சோற்றுக்கு வழக்கமான 2 நிமிடத்தைப் போட்டுவிட்டுப் போனால் கரிந்த வாசனை வரும். காலியாக ஓட்டவே கூடாது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பிப் போய் அதைக் கெடுக்கும்.

மூடி போட வேண்டுமா?

போடுங்கள், ஆனால் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள். ஆவி உள்ளே சுற்றுவதால், அலை எட்டாத இடங்களுக்கும் சூடு போய்ச் சேரும். ஒரு ஓரத்தில் கொஞ்சம் திறப்பு இருக்கட்டும். 'க்ளிக்' என்று பூட்டும் டப்பாவை அப்படியே வைத்தால் மூடி பறக்கும், சுவரெல்லாம் புளிக்குழம்பு.

பீப் அடித்ததும் எடுத்துச் சாப்பிடலாமா?

எடுங்கள், மூடியைத் திறக்காமல் 1, 2 நிமிடம் வையுங்கள். வெளியே இருக்கும் சூடு உள்ளே போக இன்னும் நேரம் வேண்டும். பெரிய கறித்துண்டு, முழு உருளைக்கிழங்கு என்றால் 3 நிமிடம். நடு ஜில்லென்று இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த 2 நிமிடம் பொறுக்காதவர்கள் (எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு). கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில், கையை வைத்துப் பாருங்கள். அங்கே குளிர்ந்திருந்தால் உள்ளேயும் குளிர்தான்.

ஃப்ரீசரில் இருந்த சிக்கன் ஓரம் வெந்து, நடு கட்டியாக இருக்கிறதே?

பனிக்கட்டி மைக்ரோவேவை மிகக் குறைவாகத்தான் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் வாரி இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் ஒரு துளி உருகியதும் அந்த இடம் மற்ற இடங்களின் பங்கையும் சேர்த்து விழுங்க ஆரம்பிக்கிறது. உருகிய இடம் கொதிக்கும், பக்கத்தில் பனி அப்படியே நிற்கும். 30 சதவீதம்தான் இதற்கு வழி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டி, உருகிய துண்டுகளை அவ்வப்போது பிரித்து வெளியே எடுத்துவிட வேண்டும். முழுதும் உருக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரிக்க வரும் பதம் போதும். இப்படி உருக்கிய கறியை உடனே சமைத்துவிடுங்கள், திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அவசரமில்லையென்றால் முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவைப்பதை எந்த ஓவனாலும் வெல்ல முடியாது.

எவ்வளவு சூடானால் பயமில்லாமல் சாப்பிடலாம்?

மீந்த உணவு நடுப்பகுதியிலும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். குழம்பு வகை என்றால் கிளறிய பிறகும் கொப்புளம் வர வேண்டும். ஓரம் 90, நடு 40 என்றால் நடுவில் கிருமிக்கு விருந்துதான். சீராகச் சூடாக்குவது ருசிக்காக மட்டும் இல்லை.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அந்தப் பாக்டீரியா விடும் நச்சுகளில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் மத்தியானம் வடித்துச் சாயங்காலம் வரை மேடையில் கிடந்த சோற்றை மைக்ரோவேவால் காப்பாற்ற முடியாது. 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். நம் சித்திரை வெயிலில் 1 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், காபி, பால்?

வழவழப்பான கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீரை நெடுநேரம் வைத்தால், குமிழே வராமல் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அமைதியாகத்தான் இருக்கும். காபிப் பொடியைப் போட்ட நொடியில் மொத்தமும் முகத்தில் பீறிடும். ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டு வையுங்கள், ஒரு கப்புக்கு 2 நிமிடத்தைத் தாண்டாதீர்கள், நின்றதும் அரை நிமிடம் தொடாதீர்கள்.

பாலுக்கு 50; பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கைக்குழந்தையின் பால் பாட்டிலை மட்டும் மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. பாட்டில் வெளியே ஆறியிருக்கும், உள்ளே ஒரு பகுதி பால் வாயைச் சுடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள்.

அவித்த முட்டை?

முழுதாக வேண்டாம். தோல் உரித்திருந்தாலும் வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துக் கத்தியோ பல்லோ பட்ட பிறகு வெடிக்கும். இரண்டாக வெட்டி, குழம்புக்குள் அமிழ்த்தி, 50 சதவீதத்தில் வையுங்கள்.

எவர்சில்வர் கிண்ணம் வைக்கலாமா? பிளாஸ்டிக்?

எவர்சில்வர் வேண்டாம். அலை உலோகத்தில் மோதித் திரும்பிவிடும். மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் சூடாகும், பொறி பறக்கும் அபாயமும் உண்டு. ஜரிகை மாதிரி தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் அப்படித்தான். ஓட்டல் பார்சல் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணெய்க் குழம்பு என்றால் கண்டிப்பாக. பீங்கான் பாத்திரத்தில் சந்தேகம் என்றால் அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கப் தண்ணீர் வைத்து 1 நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் ஆறியும் பாத்திரம் சுட்டும் இருந்தால் அது தோதில்லை.

பாத்திரத்தின் வடிவத்தையும் பாருங்கள். அகலமாக, ஆழம் குறைவாக, வட்டமாக இருப்பது நல்லது. சதுர டப்பாவின் நாலு மூலையிலும் அலை இரண்டு பக்கமாக நுழைவதால் அங்கேதான் முதலில் காயும்.

நேற்றைய மெதுவடையை மொறுமொறுப்பாக்க எந்த பவர்?

எந்த பவரும் இல்லை. மொறுமொறுப்புக்கு மேல்தோல் உலர வேண்டும்; மைக்ரோவேவ் உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கி அந்தத் தோலுக்கே அனுப்புகிறது. வடையைக் காகிதத்தின் மேல் வைத்து முழு பவரில் 20 விநாடி வைத்து உள்ளே சூடாக்கிக்கொண்டு, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் புரட்டி எடுங்கள். சட்னியை வெளியே எடுத்து வைக்க அதற்குள் நேரமிருக்கும்.